அந்தோணி நிற்கும் இடம்

கையில் நியமன ஆணையும் கழுத்தில் புது விசிலுமாக வந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களே, முதலில் என் அனுதாபங்கள். உங்கள் பீரியடைக் கணக்கு டீச்சர் "இன்னிக்கு ஒரு நாள் மட்டும்" என்று கேட்டு வாங்கிக்கொள்வார், திருப்பித் தர மாட்டார். பிரேயரில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது, விழாவுக்குப் பந்தல்காரரை விரட்டுவது, சிறப்பு விருந்தினருக்கு இளநீர் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பது எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். முப்பத்தோரு வருஷம் இதையெல்லாம் செய்தவள் நான். விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளி, நடுவில் தினமும் பஸ். ஓய்வு பெற்ற பிறகும் விடியற்காலை விழிப்பு வந்துவிடுகிறது, விசிலைத் தேடிக் கை கழுத்துக்குப் போகிறது.

டிராக் போடுவது எப்படி, டீம் எடுப்பது எப்படி என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அந்தத் தப்பால் ஒரு பெண்ணின் வேலை போக இருந்தது. போகாமல் காப்பாற்றியது நான் இல்லை. அதனால்தான் இரண்டு பேருக்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். ஒருவர் எங்கள் எச்.எம். அம்மா. பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் அப்படியே சொல்கிறேன். இன்னொருவர் அந்தப் பெண்ணேதான்.

அவள் பெயர் ஜெயமேரி. எங்கள் பள்ளியில் லேப் அசிஸ்டென்ட். கல்வித்துறையில் வாட்ச்மேனாக இருந்த அப்பா பணியிலேயே இறந்துபோனதால் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. அந்தக் குடும்பத்தில் மாதாமாதம் நிச்சயமாகச் சம்பளம் வருகிற ஒரே ஆள் அவள்தான். கணவர் அந்தோணி கொத்தனார், வேலை இருந்தால் உண்டு. நானும் மேரியும் சாயங்காலம் ஒரே பஸ்ஸில்தான் போவோம். விக்கிரவாண்டிக்கு முன்னால் ஒரு ஸ்டாப்பில் அவள் இறங்குவாள். அங்கிருந்து ஊருக்குள் இருபது நிமிட நடை, இரண்டு பக்கமும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை. பாதி வழியில் ஒரு வாய்க்கால் பாலம்.

அந்தப் பாலத்தில்தான் ஒரு நாள் பின்னாலிருந்து பைக்கில் வந்த இரண்டு பேர் அவள் கழுத்துச் செயினைப் பறித்துக்கொண்டு போனார்கள். கீழே விழுந்து முழங்கைத் தோல் உரிந்தது, கழுத்தில் கீறல். காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. ஆனால் மேரி மாறிப்போனாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார மாட்டாள். வெளியே வண்டிச் சத்தம் கேட்டால் கை தானாகக் கழுத்துக்குப் போகும். பேச்சு குறைந்தது. லேபில் ஒரு நாள் யாரோ பின்னாலிருந்து தோளைத் தொட, கையில் இருந்த குடுவையைக் கீழே போட்டு உடைத்தாள். அந்தோணி தினமும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மொபெட்டில் வந்து ஸ்டாப்பில் நிற்க ஆரம்பித்தார். பாதியில் போகிற கொத்தனாரை எந்த மேஸ்திரி வைத்துக்கொள்வார்? "இப்டியே போனா வேலைய உட்டுடு, ரெண்டு பேரும் கெட வேணாம்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் காலையில் பள்ளி தொடங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக்கொடுத்து வந்தேன். ஒரு நாள் மேரி மைதானத்து வேப்பமரத்தடியில் வந்து நின்றாள்.

"டீச்சர், நானும் வரலாமா?" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "வாம்மா! மூணே மாசம். அப்பால எவன் உன் கிட்ட வர்றான்னு பாக்கலாம்" என்றேன். எதற்கு வருகிறாய் என்று கேட்கவில்லை. கேட்பானேன், செயின் போன கதைதான் ஊருக்கே தெரியுமே என்று நினைத்துக்கொண்டேன். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

புடவை கட்டியே பழகியவள், டிராக் பேண்டும் நீள டாப்ஸுமாக, பதினோராம் வகுப்புப் பிள்ளைகளோடு மூச்சிரைக்க ஓடினாள். கராத்தேயில் ஒவ்வொரு குத்துக்கும் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட வேண்டும். மேரிக்கு அது வரவே இல்லை. வாயைத் திறந்தால் தும்மல் மாதிரி ஒன்று வெளியே வரும், பிள்ளைகள் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். "பொறந்ததுல இருந்து யாரையும் சத்தம் போட்டதில்ல டீச்சர், வீட்டுக்காரரக் கூட" என்றாள். மூன்றாவது வாரம் ஒரு நாள் சத்தம் வந்தது. வேப்பமரத்தில் இருந்த காக்காயெல்லாம் எழும்பிப் பறந்தது. அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் விழுப்புரத்துக் கடைகளில் எது நல்ல கடை என்பதில் ஆரம்பித்து அவள் ஸ்டாப் வரும்வரை பேசிக்கொண்டே வந்தாள். நான் கர்வத்தோடு கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த குத்தும் உதையும் செய்கிற வேலை என்று நம்பினேன்.

இனி என் தப்பு.

ஆண்டு விழாவில் தற்காப்புக் கலை நிகழ்ச்சி என்று ஒன்று இருக்குமே, நீங்களும் நடத்தத்தான் போகிறீர்கள். ஒரு பிள்ளை தொப்பியும் ஒட்டு மீசையும் வைத்துத் திருடனாக வரும், இன்னொரு பிள்ளையின் கழுத்தில் கை வைக்கும், அது இதைத் தூக்கிப் போடும், கூட்டம் கை தட்டும். எல்லாப் பள்ளியிலும் இதே கதைதான். அந்த வருஷம் எனக்கு ஒரு ஆசை வந்தது. நிஜமாகவே செயின் பறிகொடுத்தவள் திருடனை அடித்துப் போட்டால் எப்படி இருக்கும்? மேரியிடம் கேட்டேன். தயங்கினாள். "உனக்காகத்தான் சொல்றேன், பயம் வுட்டுப் போவும்" என்றேன். எனக்காக ஒத்துக்கொண்டாள். இருபது முப்பது தடவை ஒத்திகை பார்த்தோம். மணிக்கட்டைப் பிடிப்பது, திரும்புவது, முழங்கையால் இடிப்பது, எதிலும் ஒரு பிசகு இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் எனக்கு இன்னொரு யோசனை தோன்றியது. திருடன் வரும்போது ஸ்பீக்கரில் பைக் சத்தம் போட்டால் தத்ரூபமாக இருக்குமே! போனில் ஒரு பைக் சத்தத்தை எடுத்து மைக் செட்காரரிடம் கொடுத்தேன். மேரியிடம் சொல்லவில்லை. சொல்லாமல் போட்டால்தான் முகத்தில் அந்த உணர்ச்சி வரும் என்று நினைத்தேன். இதை எழுதும்போதுகூட என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

பெற்றோர்கள் மைதானம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். கையில் மைக்கோடு நான். மேடைக்கு முன்னால் விட்டிருந்த மண்தரையில் மேரி கைப்பையை மாட்டிக்கொண்டு நடந்து வந்தாள். நான் கையைக் காட்டினேன். நாலு பெரிய ஸ்பீக்கரிலும் பைக் உறுமியது.

மேரி நின்றாள். இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒட்டு மீசைப் பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் விழித்துக்கொண்டு நின்றது. கூட்டம் அதைக் காமெடி என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தது.

நம் வேலையில் யோசிக்க இரண்டு விநாடிதான் கிடைக்கும், அதில்தான் நாம் யார் என்று தெரிந்துவிடும் என்பார்கள். எனக்கு அன்று தெரிந்தது. என் நிகழ்ச்சி கெட்டுப்போகிறதே என்ற ஒரு நினைப்புதான் வந்தது. மைக்கில் சொன்னேன்: "பரவாயில்லை, மேரி டீச்சர் கொஞ்சம் பதட்டமாயிட்டாங்க. இன்னொரு தடவை பார்ப்போம். சவுண்டு!"

மறுபடியும் பைக் உறுமியது.

சிறப்பு விருந்தினருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எச்.எம். அம்மா மேடையை விட்டு இறங்கி வந்தார். ஓடவில்லை, வேகமாக நடந்து வந்தார். என் கையில் இருந்த மைக்கை வாங்கி, "அடுத்து ஒன்பதாம் வகுப்பு மாணவிகளின் நடனம்" என்று வழக்கமான குரலில் அறிவித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு பட்டுப்புடவையோடு அந்த மண்ணிலேயே மேரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டிப்பிடிக்கவில்லை, தண்ணீர் தெளிக்கவில்லை. "மூச்சு வுடும்மா. இன்னொண்ணு. அவ்ளோதான், இன்னொண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பாட்டு ஆரம்பித்தது. எல்லார் கண்ணும் மேடைக்குப் போன பிறகு இருவரும் எழுந்து லேபுக்கு நடந்து போனார்கள்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று தயாராகப் போனேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நீ அவளுக்குக் கத்துக்குடுத்தியா, அவள வெச்சு உன் கிளாஸ காட்டினியா?" பதிலுக்குக் காத்திருக்காமல் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட ஆரம்பித்துவிட்டார்.

மேரி வேலைக்கு வரவில்லை. விழா வீடியோவை யாரோ வாட்ஸப்பில் சிரிப்புப் பொம்மைகளோடு போட, அது சுற்றிச் சுற்றி அந்தோணியின் போனுக்கே போய்விட்டது. ஐந்தாம் நாள் அவர் நேரில் வந்தார். சட்டையில் சிமெண்ட், கையில் மேரி எழுதிய ராஜினாமா கடிதம்.

எச்.எம். அம்மா அதைத் தொடவில்லை. "கையெழுத்துப் போட்டவங்க நேர்ல வந்து குடுக்கட்டும்ப்பா. அதுவரைக்கும் மெடிக்கல் லீவ்ல இருக்கட்டும்" என்று அனுப்பிவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஞாயித்துக்கிழம போய்ப் பாத்துட்டு வா. அவள இட்டுக்கினு வரணும்னு போவாத. மன்னிப்புக் கேக்கப் போ" என்றார்.

மேரி வீட்டுக்கு அதுவரை நான் போனதே இல்லை. அன்றுதான் அந்த இருபது நிமிடப் பாதையை முதல் முறையாக நடந்தேன். பாலத்தைத் தாண்டும்போது பின்னால் ஒரு வண்டி வந்தது. முப்பது வருஷம் விசில் ஊதியவள், கராத்தே கற்றவள், சட்டென்று ஓரமாக ஒதுங்கி நின்றேன். பால் கேன் கட்டிய வண்டி. பால்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து அவர்கள் அப்போதுதான் வந்திருந்தார்கள். அந்தோணி நாற்காலியை எடுத்துப் போட்டார், ஆனால் முகம் கொடுக்கவில்லை.

"ஊரே சிரிச்சுது டீச்சர். செயின் போனப்ப கூட இவ இப்டி அழல" என்றார்.

"தப்பு என்னுதுதான். சத்தம் போடப்போறேன்னு அவகிட்ட சொல்லல. ரெண்டாவது தடவ போட்டதுக்கு எனக்கு மன்னிப்பே கெடையாது. ஆனா கேக்கறேன்" என்றேன்.

மேரி கதவோரம் நின்றிருந்தாள். அங்கிருந்தே பேசினாள்.

"டீச்சர், நான் எதுக்கு கிளாஸுக்கு வந்தேன் தெரியுமா? திருடன அடிக்க இல்ல. அந்தச் சம்பவத்துக்கு அப்பறம் எனக்குத் தூக்கமே இல்ல. கண்ண மூடுனா பைக் சத்தம். ஒரு நாள் பஸ்ஸு போயிடும்னு ஸ்டாப்புக்கு ஓடினேன். அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன். சரி, ஓடினா தூக்கம் வருதுன்னுதான் உங்க கிட்ட வந்தேன். கிரவுண்ட்ல ஓடி முடிச்சு, அந்தச் சத்தத்த போட்டுட்டு, மூச்சு வாங்கிக்கினு நிக்கறேன் பாருங்க, அப்ப ஒடம்பு என்னுதுன்னு இருக்கும். அந்த நாள் பூரா மனசு லேசா இருக்கும். நீங்க ஒரு தடவகூட எதுக்கு வந்தன்னு கேக்கல."

நான் கேட்கவில்லை. பிள்ளைகளே, முப்பது வருஷ சர்வீஸில் என்னிடம் எத்தனை பேர் வந்திருப்பார்கள்! ஒருத்திக்கு ஓட்டம் தூக்கம் தரும், ஒருத்திக்குப் பசி தரும், இன்னொருத்திக்கு வீட்டில் இல்லாத ஒரு மணி நேரம் தரும். நான் எல்லாருக்கும் தைரியம் என்று ஒரே லேபிளை ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

"மறுபடி வர்றியா?" என்று கேட்க வாய் வந்தது. எச்.எம். அம்மா சொன்னது ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன். காபியைக் குடித்துவிட்டு எழுந்தேன். வாசல் வரை வந்த மேரிதான் சொன்னாள்: "எனக்குத் திருடன் வேணாம் டீச்சர். ஓட்டமும் சத்தமும் மட்டும் போதும்னா வர்றேன்."

அந்தோணி உடனே, "நான் ஸ்டாப்புல நிப்பேன். அதுல மாத்தமே இல்ல" என்றார். ராஜினாமா கடிதம் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை அவர் கிழிக்கவில்லை.

மேரி வந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன், எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஓட்டம், மூச்சு, குத்து, சத்தம், அவ்வளவுதான். யாரும் அவளைப் பின்னாலிருந்து தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். சில நாள் நன்றாக ஓடுவாள். சில நாள் பாதியில் உட்கார்ந்துவிடுவாள், நான் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். மூன்று மாதம் கழித்து அவளே கேட்டாள்: "பின்னாடி இருந்து கைய வைங்க டீச்சர். நான் சொல்றப்ப மட்டும்." அவள் சொன்னபோது வைத்தேன், போதும் என்றபோது எடுத்தேன். அந்த 'நான் சொல்றப்ப மட்டும்' என்பதில் இருந்த வைத்தியம் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஒரு சனிக்கிழமை அந்தோணியையும் மொபெட்டோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "டீச்சர், இவரு கிரவுண்ட சுத்தட்டும். எனக்குப் பின்னாடி வரட்டும்" என்றாள். பாவம் மனுஷன், பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே ஓட்டினார். முதலில் தூரத்தில், பிறகு கொஞ்சம் கிட்டே. அவள் தோள் இறுகுவது எனக்குத் தெரிந்தது. கை கழுத்துக்குப் போனது, பாதியில் நின்றது. நாலாவது சுற்றில் வண்டி கிட்டே வந்தபோது சட்டென்று திரும்பிக் காலை ஊன்றி ஒரு சத்தம் போட்டாள். அந்தோணி பயந்துபோய் பிரேக்கை அழுத்த, வண்டி ஆஃப் ஆகி, இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, நான்தாம்மா!" என்றார்.

மேரி சிரித்த சிரிப்பை என்னால் மறக்க முடியாது. பிள்ளைகள் கை தட்டினார்கள். இந்தக் கை தட்டலை நான் ஏற்பாடு செய்யவில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் கவனித்தேன். பஸ் ஸ்டாப்பில் நின்றது, அந்தோணியைக் காணவில்லை. மறுநாள் பதறிப்போய்க் கேட்டேன். "பாலத்துக்கு இந்தாண்ட நிக்கச் சொல்லிட்டேன் டீச்சர்" என்றாள் மேரி. இன்னும் இரண்டு மாதம் கழித்து பாலத்துக்கு அந்தாண்டை. பாலத்தைத் தனியாகத் தாண்டியதற்கு மறுநாள் காலையில் வந்ததும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு ரேஷன் கடை. பிறகு தண்ணீர் டேங்க். பிறகு தெருமுனையில் மாதா சிலை வைத்திருக்கும் கெபி. அவள் பெல்ட் கலர் மாறவே இல்லை, டெஸ்ட்டுக்கு வா என்று நானும் கூப்பிடவில்லை. அந்தோணி நிற்கும் இடம்தான் எனக்குக் கணக்கு. தேர்வு ஜுரம் வந்து ஓட்டம் விட்டுப்போன ஒரு மாதத்தில் அவர் மறுபடி ரேஷன் கடைக்கு வந்துவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓட ஆரம்பித்ததும் திரும்பிப் போனார்.

என் பணி ஓய்வு நாள் வந்தது. ஓய்வு பெறுகிறவரை மாலையும் கழுத்துமாகக் காரில் வீடு வரை கொண்டுவந்து விடுவது நம் வழக்கம். எச்.எம். அம்மா எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார், இருந்தும் அன்று வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். மேரி என் பக்கத்தில். விழுப்புரத்தில் என் வீட்டில் கேசரி, காபி, போட்டோ எல்லாம் முடிவதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. "கார் திரும்பிப் போறப்ப உன்ன ஊருக்குள்ள வுடச் சொல்றேன் மேரி" என்றேன்.

"வேணாம் டீச்சர். ஸ்டாப்புல எறக்கி வுட்டா போதும்" என்றாள்.

"அவருக்குப் போன் பண்ணியா?"

"பண்ணல."

எச்.எம். அம்மா என்னைப் பார்த்தார். 'சும்மா இரு' என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். சும்மா இருந்தேன்.

அவர்கள் போன பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மாலையைக் கழற்றவில்லை. இப்போது ஸ்டாப், இப்போது பாலம், இப்போது ரேஷன் கடை என்று மனதுக்குள் அவளோடு நடந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது.

"வந்துட்டேன் டீச்சர்."

"அவரு எங்க நின்னாரு?"

மேரி சிரித்தாள். "எங்கியும் நிக்கல. வீட்டுல தோச ஊத்திக்கினு இருந்தாரு. என்னப் பாத்துட்டு, 'அதுக்குள்ள வந்துட்டியா, சட்னி இன்னும் அரைக்கலியே'ன்றாரு."